குசினி இருக்கோ?

படம் திரை நிறையத் திறந்தது. மரத்தால் கட்டிய வீடு. யன்னலுக்கு நேர் கீழே பனிச்சரிவு. வாசலில் நின்று ஸ்கீயைக் காலில் மாட்டினால் அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கிவிடலாம்.

அவள் மடிக்கணினியைக் கணவன் பக்கம் திருப்பினாள்.

அவன் சரிவைப் பார்க்கவில்லை.

"குசினி இருக்கோ?"

இருந்தது. சின்னச் சமையலறை. இரண்டு அடுப்பு.

"ரெண்டு காணாது. அடுத்ததைப் பாரும்."

அடுத்ததில் நான்கு அடுப்பு இருந்தது. ஆனால் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் இல்லை. கறி மணம் சோபாவில் பிடித்துவிடும் என்றான். அதற்கடுத்த வீட்டில் புகை போக வழியில்லை. இன்னொன்றில் சமையலறைப் படமே போடவில்லை. குசினியைக் காட்டாதவன் கள்ளன் என்று முடிவு கட்டினான்.

உலகமே ஆல்ப்ஸுக்கு மலை பார்க்கப் போகிறது. இவர்கள் அடுப்பு பார்க்கப் போகிறார்கள்.

ஈஸ்டர் விடுமுறை வாசலுக்கு வந்துவிட்டது. சுவிஸ்காரர்கள் போன இலையுதிர் காலத்திலேயே நல்ல வீடுகளைப் பிடித்துவிட்டார்கள். மிஞ்சிக் கிடப்பதில்தான் இந்த நொட்டை எல்லாம்.

நொட்டை சொல்ல அவன் ஒருவன் போதாதென்று மேசையில் கைபேசியும் இருந்தது. அதற்குள் அவனுடைய அக்கா. ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு அவளும் வருகிறாள்.

எரிச்சல் மனைவிக்கு உச்சந்தலை வரை ஏறியிருந்தது. குரலை மாற்றாமல் அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.

"இது ஹோட்டல். காலமையும் இரவும் சாப்பாடு அவங்களே தருவாங்கள்."

இந்தப் பக்கத்தை வேலைக்குப் போகும் ட்ராமில் எத்தனையோ தடவை தனியாகப் பார்த்திருக்கிறாள். அவள் வேலை செய்வதும் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில்தான். அந்த ஹோட்டல் அறையில் தண்ணீர் சூடாக்க ஒரு கேத்தலைத் தவிர வேறொன்றும் இல்லை. அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

கைபேசி முந்திக்கொண்டது.

"ஒரு கிழமைக்குப் பாணும் சீஸுமே? தம்பி சோறில்லாமல் கிடப்பானே?"

தம்பிக்கு ஐம்பது வயது முடிந்துவிட்டது. அவன் செல்லமாகச் சிரித்தான்.

"நீர் சமைச்சால் எல்லாருக்கும் சந்தோசம்தானே."

எல்லாருக்கும்.

போன வருடமும் எல்லாருக்கும் சந்தோசம்தான். ஆல்ப்ஸ் மலைக்குப் போய் அவள் வெங்காயம் உரித்தாள். காலையில் புட்டு, மத்தியானம் சோறு, இரவு இடியப்பம். சமையலறை யன்னலால் சரிவு தெரிந்தது. மகளின் செம்மஞ்சள் ஜாக்கெட் மேலிருந்து கீழே வந்தது, திரும்ப மேலே போனது. அவன் அடிவாரத்தில் வெயில் காய்ந்தபடி அதை வீடியோ எடுத்தான். மீன் பொரித்தபோது புகை மணி அலறி வீட்டுக்காரன் ஓடிவந்தான். மன்னிப்புக் கேட்டதும் அவள்தான்.

அந்தக் கிழமை ஏழு நாளும் அவள் பனியில் கால் வைத்தது குப்பைப் பையைக் கொண்டுபோய்ப் போடத்தான்.

குப்பைத் தொட்டியருகே கொஞ்ச நேரம் நின்றாள். சரிவில் ஒரு பெண் ஸ்கீ பழகிக்கொண்டிருந்தாள். இவளைவிட வயது கூட இருக்கும். விழுந்தாள், எழுந்தாள், இரண்டடி போய்த் திரும்ப விழுந்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். தானும் அப்படி ஒரு தடவையாவது விழவேண்டும் என்று இவளுக்கு ஆசை ஆசையாக வந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், இந்த வயதிலா என்பார்கள்.

ஹோட்டலை மூடினாள்.

கடைசியாக ஒன்று கிடந்தது. பள்ளத்தாக்கில், பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில். தனிச் சமையலறை, அதற்கொரு கதவு. நான்கு அடுப்பு. புகையை இழுக்க மேலே காற்றாடி.

"இதுதான்!" என்றான். படுக்கையறைப் படத்தைக்கூடத் திறக்கவில்லை.

மகள் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அங்க ஸ்னோ இருக்கோ?"

அந்தக் கேள்வியை இன்று கேட்டவள் அவள் ஒருத்திதான். கேபிள் காரில் மேலே போகவேண்டும் என்று அம்மா சொன்னாள்.

கைபேசிக்குள் அக்கா அதற்கிடையில் சாமான் கட்டத் தொடங்கிவிட்டாள். "கறித்தூள் நான் கொண்டுவாறன். இடியப்ப உரலை மறந்திடாதையும். பெரிய சட்டி உம்மட்டை இருக்குத்தானே?"

இருக்கிறது என்றாள். வீட்டைப் பதிவு செய்தாள்.

அவன் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

திரையில் அடுத்த பக்கம் வந்தது. ஸ்கீ வகுப்பும் வேண்டுமா என்று கேட்டது.

அவள் அழுத்தினாள்.

வேண்டும். பெரியவர்களுக்கானது. இதுவரை ஸ்கீயைக் காலில் மாட்டாதவர்களுக்கு. காலையிலிருந்து பின்னேரம் வரை, கிழமை முழுவதும். மத்தியானச் சாப்பாடு மலையிலேயே.

வாடகைக்குத் தரும் ஸ்கீச் சப்பாத்துக்குக் கால் அளவு கேட்டது. முப்பத்தொன்பது என்று அடித்தாள்.

அவன் தலையை நீட்டிப் பார்த்தான். "பிள்ளைக்கு முப்பத்தேழெல்லோ?"

"எனக்கென்னத்துக்கப்பா வகுப்பு? நான் சின்னனிலயிருந்து ஸ்கீ ஓடுறன்" என்றாள் மகள்.

அவன் திரையை இன்னொரு தடவை வாசித்தான். பிறகு மேசைக்குக் கீழே மனைவியின் காலைப் பார்த்தான்.

"முதல்நாள் மத்தியானம் என்ன சமைப்பம்?" கைபேசி கேட்டது. "ஆட்டிறைச்சியோ, மீனோ?"

அவள் கைபேசியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"உங்கட அக்கா கேக்கிறா. சொல்லுங்கோ."