பறவைப் பாறைக் கீரை

துருவத் தீவின் பறவைப் பாறைக்குக் கீழே விளைந்ததை யாரும் வாயில் வைத்ததில்லை. கடற்பறவைகள் மீனோடு பாதரசத்தையும் விழுங்கி வந்து, எச்சமாக அங்கே இறக்கிவிட்டுப் போகும். தீவிலேயே கொழுத்த மண் அதுதான், நஞ்சான மண்ணும் அதுதான்.

"பறவைப் பீயில தோட்டம் போடுறாளாம்" என்று ஊரே சிரித்தபோது, மண் பரிசோதகர் நாச்சியார் அங்கே நஞ்சை உறிஞ்சும் காளானைப் பரப்பினாள். போன குளிர்காலத்தில் ஒரு பனிச்சரிவு அவளைக் கொண்டுபோயிற்று. அன்றிலிருந்து அவள் கணவன் இளம்பரிதி அழவுமில்லை, எதையும் ருசித்துச் சாப்பிடவுமில்லை. காளான் பாத்தியை மட்டும் காயவிடாமல் பார்த்துக்கொண்டான்.

இன்று அந்த மண்ணில் விளைந்த கீரையில் நஞ்சில்லை என்று கருவி காட்டியது.

புது நிலத்தின் விளைச்சலைச் சோதித்தவரே ஊர் முன்னால் முதல் வாய் தின்ன வேண்டும் என்பது தீவின் வழக்கம். சாப்பாட்டுக்கூடம் நிறைந்திருந்தது. புதிய பரிசோதகர் டெல்பின் கீரைப் பொரியலைத் தொடாமல் இளம்பரிதியின் பக்கம் தள்ளினாள்.

"சோதிச்சது நீங்கதானே அக்கா?"

"நான் கருவியத்தான் பாத்தேன் தம்பி. மண்ணப் பாத்தது அவ. அவளுக்குப் பதிலா நீ தின்னு."

அன்று சிரித்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஒரு வாய் அள்ளி மெதுவாக மென்றான்.

"உப்பு கம்மி."

"அவ புருஷன்தான்டா நீ. எதப் போட்டாலும் அவளும் இதத்தான் சொல்லுவா."

இளம்பரிதி நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கத் தட்டை நீட்டினான்.

"எங்க நாச்சியார் போட்ட தோட்டம்க்கா. நிறையவே வைங்க."