வீடியோவில் இல்லாத சைகை

வாண்டு என் கையைத் தட்டிவிட்டு மறுபடியும் அந்தச் சைகையையே செய்தாள்.

இடது உள்ளங்கையை முகத்துக்கு நேரே விரித்து, வலது கட்டைவிரலால் அதன்மேல் தள்ளித் தள்ளிக் காட்டுவது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில், நர்ஸின் இடுப்பில் இருந்துகொண்டு, கண்ணும் மூக்கும் ஒழுக ஒழுகச் செய்தாள்.

மயக்க மருந்து வேலை செய்யும்வரை பெற்றவர்களில் ஒருவர் கூட இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் போவதாகப் பேச்சு. பச்சைக் கவுன்கூட மாட்டிக்கொண்டு தயாராக நின்றேன். அவளோ என்னைக் கிட்டவே சேர்க்கவில்லை.

இப்படி அழுதுகொண்டு உள்ளே வந்தால் மருந்து கொடுப்பது பெரும்பாடு, இன்றைக்கு வேண்டாம் என்று டாக்டர் தள்ளிப் போட்டாலும் போட்டுவிடுவார் என்றாள் நர்ஸ். இந்தத் தேதியை வாங்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

"பாப்பா என்னம்மா கேக்குது?"

தெரிந்தால்தானே சொல்ல.

பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது. அன்றைக்குத்தான் காதுக்குள் கருவி வைக்கப் போகிறார்கள். வைத்தாலும் கேட்டுப் பழக நாளாகும். அதுவரைக்கும் கைதான் பேச்சு.

அந்தக் கைப்பேச்சை என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து கற்றுக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக் அவர். எந்தப் புது மாடல் வந்தாலும் நாலு வீடியோ பார்த்தால் போதும், பிரித்து மேய்ந்துவிடுவார். பெற்ற மகள் விஷயத்திலும் அதே வழியில் இறங்கினார். பல் தேய்க்கும்போது ஒரு வீடியோ, சாப்பிடும்போது ஒரு வீடியோ, படுக்கையில் ஒரு வீடியோ. சேர்த்து வைத்திருப்பதை எல்லாம் பார்த்து முடிக்க இன்னும் ஒரு ஜென்மம் எடுக்க வேண்டும்.

எந்த நாட்டுக்காரர் போட்ட வீடியோ என்று பார்க்கவே மாட்டார். நாட்டுக்கு நாடு சைகை வேறு என்பது மண்டையில் ஏறுவதற்குள், தண்ணீருக்கு மட்டும் அவர் கையில் மூன்று விதம் சேர்ந்துவிட்டது. ஒருநாள் தாடையைத் தட்டுவார், மறுநாள் விரலை மடக்குவார். வாண்டு கொஞ்ச நேரம் வித்தை பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, தானே போய் டம்ளரை எடுத்துக்கொள்வாள்.

நான் மட்டும் என்ன பெரிதாகக் கிழித்துவிட்டேன்? என்னைக் கூப்பிட அவளுக்குச் சைகையே தேவைப்படவில்லை. எந்நேரமும் பக்கத்தில்தான் கிடப்பேன். துணியைப் பிடித்து இழுத்தால் முடிந்தது.

இந்த ஒரு சைகை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளாகவே கொண்டுவந்தது. சாயங்காலமானால் ஜன்னலில் நின்று செய்வாள். காய்ச்சலில் படுத்தால் செய்வாள். போன் கேட்கிறாள், வேறென்ன இருக்கப் போகிறது என்று நானும் கையில் போனைத் திணிப்பேன். பொம்மைப் படம் ஓடும். தூக்கி எறிவாள். ஒரு தடவை கண்ணாடியே நொறுங்கிப் போனது. திமிரைப் பார் என்று கத்தினேன், கேட்காது என்று தெரிந்தே.

போன் கேட்டவள் எதற்காக அதை எறிகிறாள், இது வேறு ஏதோ வார்த்தை என்றார் அவர். பிறகு அதைத் தேடுவதே வேலையாகிவிட்டது. அவள் செய்வதைப் படம் பிடித்துத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்பினார். 'துடை' என்றார் ஒருவர். 'திற' என்றார் இன்னொருவர். 'வெண்ணெய்' என்றுகூட ஒரு பதில் வந்தது. அதையும் நம்பி வாங்கி வந்து நீட்டினார், பாவம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தியேட்டர் வாசலிலும் மனுஷன் அதைத்தான் செய்தார். நேற்று ஒருத்தர் ஏதோ அனுப்பியிருந்தார், ஒரு நிமிஷம் பொறுங்கள் சிஸ்டர் என்று சொல்லிவிட்டு, சிக்னல் கிடைக்கும் என்று ஜன்னலோரமாகப் போய் நின்றுகொண்டார்.

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

வாண்டு என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளைத் தாண்டி எங்கேயோ பார்த்துச் செய்துகொண்டே இருந்தாள்.

அப்படி எதைத்தான் பார்க்கிறாள் என்று நானும் திரும்பினேன்.

ஜன்னலோரத்தில் அவர். குனிந்த தலை. போன் பிடித்த இடது கை முகத்துக்கு நேரே. வலது கட்டைவிரல் அதன்மேல் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

இத்தனை நாளும் இவள் இதையா சொல்லிக்கொண்டிருந்தாள்?

கவுனைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"தேடினது போதும். உங்களத்தான் கூப்பிடுறா."

அவருக்கு விளங்கவில்லை. நான் முதலில் வாண்டைக் காட்டினேன். அப்புறம் அவர் கையைக் காட்டினேன். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். போனில் வெளிச்சம் அணைந்துபோன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கவுனை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு மகளிடம் போனார். கண் கலங்கியிருந்தது. வாண்டு விசும்பலை அடக்கிக்கொண்டு இன்னும் ஒரு முறை செய்து காட்டினாள்.

அவர் தன் வெறுங்கையை முகத்துக்கு நேரே விரித்து, கட்டைவிரலால் தள்ளிக் காட்டினார். அத்தனை பேர் நடமாடும் இடத்தில் அவருக்கு வெட்கமாகத்தான் இருந்திருக்கும்.

வாண்டு அவர் தோளுக்குத் தாவினாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு, அழாமல் உள்ளே போனாள்.