நட்பு நாட்டுக் குழாய்

"அஞ்சு கொடம்னுதான் பெரிய கங்காணி சொன்னாரு. ஆறாவது கொடத்த ஒங்கப்பனா வந்து தூக்குவான்?"

"எங்கப்பன ஏன்டி இழுக்குற? அவரு செத்து ஒம்போது வருசமாச்சு!"

குழாயடியில் ராசம்மாவுக்கும் நாகலெட்சுமிக்கும் சண்டை. காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு கொட்ட இன்னும் நேரமிருந்தது. அதற்குள் வரிசை வீட்டு லயம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. குழாயடிச் சண்டை எந்தத் தோட்டத்தில்தான் இல்லை? ஆனால் மற்ற இடங்களில் தண்ணீர் பிடிக்கச் சண்டை வரும். இங்கே வந்தது, தண்ணீர் ஊற்ற.

விஷயம் இதுதான். டயகமப் பக்கத்து இந்தத் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் பள்ளத்தில் ஓடை நீர் விழும் பீலியிலிருந்து தண்ணீர் சுமப்பதைக் கேள்விப்பட்டு, கடலுக்கு அந்தப் பக்கத்து அரசாங்கம் ஒன்று மனமிரங்கியது. இரும்புத் தொட்டி, பித்தளைக் குழாய், குழாயைவிடப் பெரிய பித்தளைத் தகடு, தகட்டைப் பூட்டத் திருகாணி என்று சகலமும் அவர்கள் நாட்டிலேயே செய்து கப்பலில் வந்து இறங்கின. மலை ஊற்றிலிருந்து தொட்டிக்குப் பைப்பு போடுவது மட்டும் நம் அரசாங்கத்தின் பங்கு. அந்தப் பங்கு இரண்டு வருஷமாகக் கொழும்பில் மேசை விட்டு மேசை போய்க்கொண்டிருந்தது.

இன்றைக்கு அந்த நாட்டுத் துரை வருகிறார். குழாயில் தண்ணீர் கொட்டுவதைப் படம் பிடித்துக் காட்டினால்தான் அடுத்த வருஷ உதவிக்கு அவர்கள் சபையில் கை தூக்குவார்களாம். ஆகவே வீட்டுக்கு ஐந்து குடம் பீலியிலிருந்து சுமந்து தொட்டியில் ஊற்ற வேண்டும் என்று பெரிய கங்காணி உத்தரவு.

ராசம்மாவின் யோசனை வேறு. மகன் ஆண்டியப்பனுக்கு வட்டவளையில் பெண் பார்த்து எல்லாம் கூடி வந்த நேரத்தில், பெண்ணின் தாய் அழகம்மா ஒரே போடாகப் போட்டிருந்தாள்: "எங்க லயத்து வாசல்லயே கொழாய் இருக்கு. எம் மக கொடம் தூக்கி வளந்தவ இல்ல. தண்ணி சுமக்குற தோட்டத்துக்குப் பொண்ணு குடுக்க மாட்டோம்."

முப்பதைத் தாண்டிய மகனுக்கு இது நாலாவது இடம். விட்டால் ஐந்தாவது கிடைக்காது. அதனால்தான் பெண் வீட்டாரையும் இன்றைக்கே வரச் சொல்லியிருந்தாள் ராசம்மா. தொட்டி சாயங்காலம் வரை தாங்க வேண்டுமே!

"தொரைக்கு அஞ்சு கொடம், சரி. ஒன் சம்பந்திக்கு எதுக்குடி இன்னொரு அஞ்சு?"

"நாகு, எங் கண்ணுல்ல! கல்யாணத்துல ஒனக்குத்தான் மொதப் பந்தி."

"பந்தியில என்ன போடுவ?"

"ஆட்டுக்கறி."

நாகலெட்சுமி குடத்தை எடுத்தாள்.

பத்து மணிக்குத் துரை வந்தார். குழாயைத் திருகினார், தண்ணீர் கொட்டியது, கங்காணி கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். துரை ஏதோ கேட்க, யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் பேரின்பநாயகம் நாகலெட்சுமி பக்கம் திரும்பினார்.

"தண்ணி எப்பிடி இருக்கெண்டு துரை கேக்கிறார்."

"கனமா இருக்குன்னு சொல்லுங்கய்யா" என்றாள் அவள், தோளைத் தேய்த்துக்கொண்டே.

கிளாக்கர் இங்கிலீசில் என்ன சொன்னாரோ, துரைக்கு முகமெல்லாம் சிரிப்பு. தகட்டை ஒரு தரம் தடவிக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

மத்தியானம் பெண் வீட்டார் வந்தார்கள். அழகம்மா குழாயைத் திறந்துவிட்டு, "எங்க கொழாய் மாதிரியேதான் இருக்கு" என்று நின்று ரசித்தாள். கொட்டிய தண்ணீர் அத்தனையும் ராசம்மாவின் நெஞ்சில் கொட்டியது. பெண் மீனம்மாதான் முன்னால் வந்து குழாயை இறுக மூடினாள். மூடிவிட்டுத் தொட்டியின் வயிற்றில் விரல் முட்டியால் டொக் டொக்கென்று இரண்டு தட்டுத் தட்டினாள். சிக்கனமான பெண், கொஞ்சம் விளையாட்டுப் புத்தி என்று ராசம்மா நினைத்துக்கொண்டாள்.

தையில் கல்யாணம் நடந்தது. நாகலெட்சுமி முதல் பந்தியில் உட்கார்ந்தாள், மூன்றாவதிலும் உட்கார்ந்தாள். பொய்யை மொழிபெயர்த்துக் களைத்த பேரின்பநாயகம் வேலையை விட்டு யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டார். பைப்பு மட்டும் வரவில்லை. ஆனால் படம் அந்த நாட்டுப் பத்திரிகையில் வந்ததாம். அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் துரைமார் வருகிறார்களாம்.

கல்யாணமான நாலாம் நாளே உத்தரவு வந்தது: வீட்டுக்கு ஐந்து குடம்.

குட்டு வெளிப்பட்டால் மருமகள் அன்றைக்கே வட்டவளைக்கு ரயிலேறிவிடுவாளே! அவள் எழும்புமுன் தானே சுமந்து முடித்துவிடலாம் என்று ராசம்மா விடியற்காலையில் அடுப்படிக்குப் போனாள். குடத்தைக் காணோம்.

பதறிக்கொண்டு வெளியே ஓடினால், தொட்டியடியில் மீனம்மா நிற்கிறாள். தலையில் சும்மாடு, அதன்மேல் நிறைகுடம். ஒரு கைகூடப் பிடிக்கவில்லை. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. விரல் முட்டியால் தொட்டியை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"இன்னும் அறுவது கொடம் புடிக்கும் அத்தை."

"ஏ தாயி... கொடமே தூக்காத பொண்ணுன்னு ஒங்காத்தா சொன்னாளே!"

மீனம்மா ஏணியில் ஏறிக் குடத்தைத் தொட்டிக்குள் கவிழ்த்தாள்.

"எங்க தோட்டத்துக்கும் இந்தத் தொரதான அத்தை வந்தாரு."