நீச்சல் கட்டாயம்

“நீந்தத் தெரியலைங்கறதுக்காக ஒரு பொம்பளையோட பட்டத்தையே நிறுத்தி வைப்பீங்களா? மனசாட்சியே கிடையாதா உங்களுக்கு?”

தத்துவப் பேராசிரியை ஜூடித் இப்படிப் பொரிந்து தள்ளியதும் கோச் வாலஸ் தலையைச் சொறிந்தார். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அந்தச் சின்னக் கல்லூரியில் இருபத்தேழு வருஷமாக நீச்சல் சொல்லித்தருகிறவர். என்ன படித்தாலும் சரி, நீச்சல் குளத்தின் நீளத்தை நாலு தடவை நீந்திக் காட்டினால்தான் பட்டம் என்பது அங்கே பழைய விதி.

“நீந்தாதவங்கள நீந்திட்டாங்கன்னு நான் எப்படி ஜூடித் எழுதிக் கொடுக்கறது?”

“அப்ப டார்லாவோட கதி?”

வாலஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு குளத்துப் பக்கம் நடந்தார்.

டார்லாவுக்கு நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டே ஏழு வருஷம் படித்து எல்லாப் பாடத்தையும் முடித்துவிட்டாள். பட்டம் கைக்கு வந்தால் அதே பள்ளியில் ஆசிரியை வேலை காத்திருக்கிறது. தண்ணீரைக் கண்டால் மட்டும் அவளுக்குக் கை கால் உதறும்.

“கல்நெஞ்சக்காரர்” என்று சக ஆசிரியர்களிடம் பொருமினாள் ஜூடித். “குளம் இருக்கறவரைக்கும்தானே அவருக்குச் சம்பளம். அதான் விதியக் கட்டிப் பிடிச்சுட்டிருக்காரு.”

நல்லவேளையாக, கட்டாயப் பாடங்களைக் குறைக்கும் திட்டம் அந்த வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்துக்கு வந்தது. பதினாலை எட்டாக்க வேண்டும். மற்றதெல்லாம் மாணவர் விருப்பம். எது போகும், எது நிற்கும் என்று ஒரு வாரமாக ஓட்டுக் கேட்டு ஆளாளுக்கு ஒருவரையொருவர் காபிக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஜூடித்தும் வரலாற்றுத் துறையோடு இரண்டு காபி குடித்திருந்தாள்.

மாலை நாலு மணிக்குக் கூட்டம். நீச்சல் முதலில் வந்தது.

ஜூடித் எழுந்தாள். “கட்டாயப்படுத்தி யாருக்கும் எதையும் கத்துக்கொடுக்க முடியாது. பயந்தான் மிஞ்சும். இந்த வருஷத்துலேருந்தே இத எடுத்துடணும்!”

கைதட்டல். டீன் கைகளை எண்ணினார். எடுக்கச் சொல்லி நாற்பத்திரண்டு, எடுக்கக் கூடாதென்று நாற்பத்தொன்று.

ஜூடித் திரும்பிப் பார்த்தாள். எடுக்கச் சொல்லித் தூக்கிய கைகளில் ஒன்று வாலஸுடையது.

“என்ன கோச், தூக்கத்துல தூக்கிட்டீங்களா?” என்று யாரோ கேட்க, அறையே சிரித்தது. நீச்சல் போனால் வாலஸின் வேலையும் போகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவரும் சிரித்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அடுத்தது தர்க்கம். ஜூடித்தின் பாடம். மறுபடி எழுந்தாள்.

“பசங்க விருப்பத்துக்கு விட்டா ஒருத்தனும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான். சில விஷயத்தக் கட்டாயப்படுத்தித்தான் ஆகணும்!”

வரலாற்றுத் துறை மொத்தமாகக் கை தூக்கியது. தர்க்கம் தப்பியது.

வாழ்த்துகளை வாங்கிக்கொண்டு ஜூடித் வெளியே வந்தபோது, உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால் டார்லாவின் மஞ்சள் பஸ் நின்றிருந்தது. நல்ல செய்தி சொல்ல ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

கூடத்தின் உள்ளே, டார்லா நீச்சல் குளத்துக்குள் இருந்தாள். மல்லாந்து கிடந்த அவள் முதுகை ஒரு கையால் தாங்கியபடி மார்பளவு தண்ணீரில் வாலஸ்.

“டார்லா, வெளிய வா! விதிய எடுத்தாச்சு! நீ இனி நீந்தவே வேணாம்!”

“தெரியும் மேடம். எடுத்துடுவாங்கன்னு கோச் காலையிலயே சொல்லிட்டாரு.”

“காலையிலயா? ஓட்டு இப்பத்தானே எடுத்தாங்க?”

“தன் கையும் அதுக்குத்தான்னு சொன்னாரு மேடம். ஆறு வாரமா தினம் காலையில பஸ் எடுக்கறதுக்கு முன்னாடி சொல்லித் தர்றாரு. பரீட்சைன்னு நெனச்சாலே எனக்கு உடம்பு வெறச்சுப் போயிடுது. பரீட்சை ஒழிஞ்சாத்தான் நீ மிதப்பேன்னாரு.”

“அதான் பட்டம் கிடைச்சாச்சே. இன்னும் எதுக்கும்மா இது?”

“தினம் நாப்பது புள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஆத்துப் பாலத்தத் தாண்டறேன் மேடம். எனக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா?”

ஜூடித் கோச் பக்கம் திரும்பினாள். “உங்க வேலை, வாலஸ்...”

“அத விடுங்க” என்றார் அவர், டார்லாவின் முதுகிலிருந்து மெல்லக் கையை எடுத்துக்கொண்டே. அவள் மிதந்தாள். அப்புறம்தான் நினைவு வந்தவராக, முகத்தில் நிஜமான கவலையோடு நிமிர்ந்தார்.

“உங்களுக்கும் ஒரு கை தூக்கிட்டு வரணும்னுதான் இருந்தேன் ஜூடித். டார்லா காத்துட்டிருப்பாளேன்னு பாதியில எழுந்து வந்துட்டேன். உங்க பாடம் தப்பிச்சுதா?”