பரீட்சை முடியும்வரை

கிண்ணத்தில் சோற்றைக் குவித்து மகள் மிருதுளாவின் முன்னால் வைத்தாள்.

இன்றைய ஆன்லைன் வகுப்புக்கு ஆளுக்கொரு கிண்ணம் சோறும் ஒரு ஜோடி சாப்ஸ்டிக் குச்சியும் வேண்டுமாம். சாப்ஸ்டிக் வீட்டில் இருந்தது. போன பொங்கலுக்கு வந்தபோது அவள் வீட்டுக்காரர் சீனாவில் குவாங்சோவிலிருந்து வாங்கி வந்தது.

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அங்கிருந்து மெஷின் வாங்கி அனுப்புகிற வேலை அவருக்கு. சீன ஓவியம், பண்பாடு என்று வாரம் ஒரு வகுப்பு. மிருதுளாவை அதில் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

"அப்பன் எங்க கெடக்கறான்னு புள்ளைக்குத் தெரியட்டும்."

அந்த ஊரிலேயே நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார்.

பரீட்சை முடியட்டும், பிள்ளைக்கு இப்போது தெரிய வேண்டாம் என்று சொந்தபந்தம் எல்லோர் வாயையும் அடைத்தாள். கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லி மிருதுளாவைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அவருடைய சொந்த ஊரில் சவப்பெட்டி வந்து இறங்கியது. எல்லாம் முடிந்து திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு டப்பா லட்டு வாங்கினாள். கல்யாண வீட்டிலிருந்து வெறுங்கையோடு எப்படி வருவது?

மிருதுளா அதைத் தொடவே இல்லை. எறும்பு மொய்த்தது.

தினமும் காலையில் பொட்டு வைக்கும்போது மட்டும் செத்துவிடலாம் போலிருக்கும். வைத்துக்கொண்டாள். பிள்ளை பார்க்குமே.

நேற்று கடைசிப் பரீட்சை. இன்று சொல்லியாக வேண்டும்.

இந்த வகுப்பு முடியட்டும் என்று நினைத்தாள்.

திரையில் வீடியோ ஓடியது. ஒரு சீனத்து அம்மாள் குச்சிகளைப் பிடிக்கும் விதத்தைக் காட்ட, தமிழ்க்குரல் ஒன்று விளக்கிக்கொண்டிருந்தது. கட்டம் கட்டமாகப் பிள்ளைகள் சோற்றைச் சிந்திவிட்டுச் சிரித்தார்கள்.

அடுப்படியில் நின்றவளுக்குக் குரல் மட்டும் கேட்டது. குச்சிகளைச் சோற்றில் நட்டுவைக்கக் கூடாதாம். செத்தவர்களுக்குப் படைக்கும்போதுதான் அப்படி வைப்பார்களாம்.

அவள் எட்டிப் பார்த்தாள்.

மிருதுளா கேமராவை அணைத்தாள்.

இரண்டு குச்சிகளையும் சோற்றின் நடுவில் நட்டாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எழுந்தாள். மேஜையைச் சுற்றிப் போய், அப்பா உட்காரும் நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

ஓடிவந்து பிடுங்கப் போனாள் இவள். கை பாதியிலேயே நின்றுவிட்டது.

மிருதுளா அம்மாவின் நெற்றியையே பார்த்தாள்.

"பரீட்சைதான் முடிஞ்சிருச்சில்லம்மா."