கம்பளிக்காரரின் ஸ்கேன்

“மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க” என்றது எங்கிருந்தோ ஒரு குரல். கம்பளிக்காரர் இழுத்தார். பாதியிலேயே இருமல் முட்டிக்கொண்டு வந்தது. தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

ஸ்கேன் மெஷினுக்குள் மல்லாந்து கிடந்த அந்த மனிதர் கம்பளி விற்றவர் அல்ல. ஆலைகளில் பாய்லருக்கும் நீராவிக் குழாய்க்கும் ஆஸ்பெஸ்டாஸ் போர்வை சுற்றும் வேலையில் இருபத்தாறு வருஷம் இருந்தவர். கூட வேலை பார்த்தவர்கள் விளையாட்டாக வைத்த பெயர், ரிட்டையராகிப் பதினைந்து வருஷம் ஆகியும் போகவில்லை.

பயம் பிடித்தது போன மாதம்தான். அதே ஆலையில் இருந்த வெல்டர் மூச்சு வாங்குகிறது என்று படுத்தார், நாலே மாதத்தில் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வந்த புற்றுநோய் என்று வெல்டரின் மகன் சொன்னதிலிருந்து கம்பளிக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெல்டர் அந்தப் போர்வையைக் கையால்கூடத் தொட்டதில்லை. பக்கத்தில் நின்று தன் வேலையைப் பார்த்தார், அவ்வளவுதான். சும்மா நின்றவருக்கே அந்தக் கதி என்றால், கட்டிப்பிடித்துச் சுற்றியவன் கதி?

அன்றிலிருந்து வீடு அமர்க்களப்பட்டது. காலையிலும் மாலையிலும் எடை பார்த்தார். கண்ணாடி முன் நின்று விலாவை ஒவ்வோர் எலும்பாக அழுத்திப் பார்த்தார், அழுத்திய இடமெல்லாம் வலித்தது.

“உங்க நெஞ்சுல வேற ஒண்ணும் இல்லைங்க. பயம்தான் வாடகை இல்லாம குடியிருக்கு” என்று மனைவி கேலி செய்தாள். கடைசியில் அவள்தான் விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள்.

ஸ்கேன் முடிந்து, டாக்டரைப் பார்க்க மூன்றாவது மாடிக்குப் போகச் சொன்னார்கள். லிஃப்டில் ‘பழுது’ என்று அட்டை தொங்கியது. படியேறினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மனைவி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“நீங்க முன்னால போங்க. நான் மெதுவா வரேன்.”

“என்ன, உனக்கும் பயம் வந்துடுச்சா?”

அவள் போங்கள் என்று கையை மட்டும் ஆட்டினாள். இத்தனை நாள் கேலி பேசியவள் தனக்காகக் கலங்கி நிற்கிறாளே என்று நினைத்துக்கொண்டார். பழைய எக்ஸ்ரே இருந்த பையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு ஏறினார்.

டாக்டருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒவ்வொரு படத்துக்கும் கம்பளிக்காரர் டாக்டரின் முகத்தைப் பார்த்தார்.

“வேலை செய்யும்போது முகமூடி ஏதாவது போடுவீங்களா ஐயா?”

“கைக்குட்டை கட்டிக்குவோம். அதுவும் மேனேஜர் வர்ற அன்னைக்கு மட்டும்தான். மறைக்காம சொல்லுங்க டாக்டர், எங்க வெல்டருக்கு வந்ததுதானே இது?”

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். “நுரையீரலைச் சுத்தி மெல்லிசா ஒரு உறை இருக்கு. அந்தத் தூசி அங்க போய் உட்கார்ந்தா முப்பது நாப்பது வருஷம்கூடச் சத்தமே காட்டாது. அப்புறம் மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும், உடம்பு இளைக்கும். உறைக்குள்ள தண்ணி கோத்துக்கும். ஸ்கேன்ல சந்தேகம் வந்தா, அந்த உறையிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதிச்சுத்தான் உறுதியாச் சொல்ல முடியும்.”

“எனக்கு எப்ப எடுக்கப்போறீங்க?” கம்பளிக்காரர் கேட்டார்.

“உங்களுக்கு எதுக்கு? தண்ணியும் இல்லை, கட்டியும் இல்லை. பழைய தழும்பு ரெண்டு இருக்கு, அது புற்றுநோய் இல்லை. இந்த இருமல் வெறும் சளி. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்க, போதும்.”

கம்பளிக்காரரால் முதலில் காதில் விழுந்ததை நம்பவே முடியவில்லை. பிறகு கண்ணில் நீர் முட்டியது. வெல்டரை நினைத்தபோது இவ்வளவு சந்தோஷப்படுவது வெட்கமாகவும் இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு மனைவி வந்தாள். “ஒண்ணும் இல்லையாம்” என்றார் அவர், சின்னப் பையன் மார்க் ஷீட்டை நீட்டுவது போல.

அவள் முகம் மலர்ந்தது. “நான்தான்... அப்பவே... சொன்னேனே” என்பதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கினாள்.

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார். “எத்தனை நாளா இப்படி இருக்கும்மா?”

“அது ஆச்சு, ஒரு மாசத்துக்கு மேல. இவர் பண்ணின ரகளையில இதை எங்க பார்க்குறது? மாடி ஏறினா வரும், உட்கார்ந்தா சரியாயிடும்.”

டாக்டர் அவளை உட்காரவைத்து முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். இடப்பக்கம் சீக்கிரம் முடிந்தது. வலப்பக்கம் ஓரிடத்தில் வைத்த கையை நெடுநேரம் எடுக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஐயாவோட வேலைத் துணியெல்லாம் அப்ப யாரும்மா துவைப்பாங்க?”

கம்பளிக்காரருக்குத் தூசி அப்பிய பழைய சட்டைகள் கண்முன் வந்தன. நான்தான் துவைத்தேன் என்று ஒரு பொய் சொல்லிவிட வாயைத் திறந்தார். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

மனைவி வழக்கம்போல அவரைக் கேலியாகப் பார்த்துச் சிரித்தாள்.

“இவரா துவைப்பாரு? இருபத்தாறு வருஷமும் நான்தான் டாக்டர், நல்லா உதறி உதறித் துவைப்பேன்.”