ஐந்தாவது ஓட்டு

மலேசியாவின் கிள்ளானில் தன் வீட்டையே தனி நாடாக அறிவித்து, ஆறு வருடமாக அதிபராக இருந்தார் வாலண்டைன். குடிமக்கள் நாலு பேர்: அவர், மனைவி சாந்தமேரி, மகன் கேவின், மகள் பெர்னிஸ். தேர்தலில் சமமாக ஓட்டு விழுந்தால் பழைய அதிபரே தொடர்வார் என்பது சட்டம். வருடாவருடம் சமமாகத்தான் விழும்.

இந்த வருடமும் பெர்னிஸ் எதிர்த்து நின்றாள். வாலண்டைன் ஓட்டுப்பெட்டியாக வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து எண்ணினார். அவருக்கு இரண்டு, பெர்னிஸுக்கு மூன்று.

“நாலு பேருக்கு அஞ்சு ஓட்டு எப்படிலா? கள்ள ஓட்டா?”

“ஒண்ணு தபால் ஓட்டு டாடி,” என்றாள் பெர்னிஸ். “குடிமக்களைக் கட்டிக்கிறவங்களும் குடிமக்கள்தான்னு போன மாசம் ஒரு சட்டம் கொண்டு வந்தேன். நீங்க படிக்காமலே சைன் வெச்சீங்க.”

வாலண்டைன் மகனை முறைத்தார். “யாரைடா கட்டிக்கிட்ட?”

“நான் இல்ல டாடி.”

“நான்தான்,” என்றாள் பெர்னிஸ். “பிரவினை. வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் பண்ணிட்டோம்.”

சாந்தமேரி நிமிரவே இல்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டதே அவள்தான்.

வாலண்டைன் அதிபர் முத்திரையை மகள் பக்கம் தள்ளினார்.

“ஞாயித்துக்கிழமை அவனைச் சாப்பிட வரச் சொல்லு. இப்ப நான் எதிர்க்கட்சி. கேக்க வேண்டிய கேள்வி நிறைய இருக்கு.”